மேகாலயக் குகைகளை அளந்தவர்கள்

குகை என்னும் சொல் தமிழ்ச் சமணர் இல்லங்களில் அயலான சொல் அன்று. மாங்குளம், அரிட்டாபட்டி, சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் எனப் பெயர் சொன்ன அளவிலேயே கற்படுக்கைகளும், அவற்றின் அருகே பொறிக்கப்பட்ட தமிழி எழுத்துகளும், மழைநீர் உள்ளே வாராதபடி பாறையின் நெற்றியில் வெட்டப்பட்ட காடியும் கண்முன் தோன்றும். அக்குகைகள் பாறை கவிந்து நிற்பதால் இயற்கையாக அமைந்த தங்கிடங்கள். உள்ளே சில அடிகள் சென்றாலே பாறை முடிந்துவிடும். படுக்கையில் அமர்ந்திருப்போர்க்குப் பகலொளியும் காற்றும் குறைவின்றிக் கிடைக்கும்.

இவற்றினின்றும் முற்றிலும் வேறான குகைகளும் நம் நாட்டில் உள. அவை தண்ணீரால் குடையப்பட்டவை. பகலொளி நுழையாத இருளில், மலையின் அடிவயிற்றில், கிலோமீட்டர் கணக்காக நீண்டு செல்பவை. இத்தகைய குகைகள் இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது வடகிழக்கில் உள்ள மேகாலய மாநிலத்தில். அவற்றுள் புகுந்து, அடி அடியாக அளந்து, வரைபடம் ஆக்கியவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். குகைச் சங்கங்களின் உறுப்பினர்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் ஆற்றிவரும் பணியின் வரலாறு, மலைகளையும் அவற்றில் உள்ள தொன்மைச் சுவடுகளையும் காக்க விரும்பும் எவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

மழை குடைந்த மலைகள்

மேகாலயம் என்றால் மேகங்களின் உறைவிடம் என்பது பொருள். அம்மாநிலத்தின் தென்விளிம்பில், வங்கதேசச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாகச் சரியும் மலைகளின் மேல் சிரபுஞ்சியும் மௌசின்ராமும் அமைந்துள்ளன. உலகில் மிகுந்த மழை பெறும் ஊர்கள் என இவை பெயர்பெற்றவை. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் சிரபுஞ்சியில் பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். இன்றளவும் இதுவே ஓராண்டு மழைக்கான உலக உச்சமாகக் கொள்ளப்படுகிறது.

இம்மலைகளின் தென்சரிவில் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக அமைந்துள்ளது. தொன்முதுகாலத்தில் ஆழமற்ற கடலடியில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியமையால் உருவான பாறை அது. வானிலிருந்து இறங்கும் மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. முதலில் மயிரிழை போன்ற பிளவு. பின்னர்க் கை நுழையும் துளை. இறுதியில் ஆறே ஓடும் பெருவழி. இவ்வாறு குடைந்த நீரே பின்னொரு காலத்தில் துளித்துளியாகச் சொட்டி, தான் கரைத்த சுண்ணாம்பை மீண்டும் படியச் செய்கிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. தரையிலிருந்து எழுவது கல்முளை. விரற்கடை அளவு வளரவும் சில நூற்றாண்டுகள் ஆகலாம்.

காசி மக்களும் ஜயின்டியா மலை மக்களும் குகையைக் 'கிரெம்' என்பர். (ஜயின்டியா என்ற பெயருக்கும் ஜைனம் என்ற பெயருக்கும் ஒலியொப்புமை உண்டே தவிர வேறு தொடர்பு இல்லை.) தம் ஊரின் அருகில் உள்ள குகைவாயில்களை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தே இருந்தனர். ஆயினும் வாயிலுக்கு அப்பால் அவை எவ்வளவு தொலைவு செல்கின்றன, எங்கே சென்று முடிகின்றன என்பதை எவரும் அளந்தாரில்லை.

1922: வௌவால் குகையில் முதல் ஆய்வு

அறிவியல் நோக்கில் நிகழ்ந்த முதற்பெரும் ஆய்வு காரோ மலைகளில் நடந்தது. அப்பகுதி அக்காலத்தில் அசாம் மாகாணத்தின் பகுதியாக இருந்தது. சிம்சாங் ஆற்றங்கரையில் உள்ள சிஜு குகையைக் காரோ மக்கள் 'தோபாக்கோல்' என வழங்குவர். வௌவால் குகை என்பது அதன் பொருள். இந்திய விலங்கியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப் என்பாரும் சோப்ரா என்பாரும் 1922இல் அக்குகையுட் சென்று அங்குள்ள உயிரினங்களை ஆராய்ந்தனர். வாயிலருகே வாழ்வன, அரையிருளில் வாழ்வன, முழுவிருளில் வாழ்வன எனப் பகுத்துப் பார்த்து, ஏறத்தாழ நூறு வகை உயிர்களை அவர்கள் பதிவு செய்தனர். இந்தியக் குகை ஒன்றின் உயிர்களைப் பற்றிய முதல் விரிவான ஆய்வு அதுவே. அதன் முடிவுகள் 1924இல் வெளியாயின. கெம்ப் பின்னர்த் தென்முனைக் கடல் ஆய்வுப் பயணத்துக்குத் தலைமையேற்றுச் சென்றுவிட்டார்.

நல்ல தொடக்கம் அது; ஆனால் தொடர்ச்சி அமையவில்லை. அடுத்த எழுபது ஆண்டுக்காலம் மேகாலயக் குகைகளில் தொடர்ச்சியான பெரும் அளவைப் பணி எதுவும் நிகழவில்லை. 1972இல் மேகாலயம் தனி மாநிலமான பின்னரும் அதன் நிலத்தடி வெளி, வரைபடத்தில் வெற்றிடமாகவே இருந்துவந்தது.

ஷில்லாங்கில் தோன்றிய சங்கம்

1990இல் மாநிலத் தலைநகராகிய ஷில்லாங்கில் மேகாலய சாகசச் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடிகளுள் தலையாயவர் பிரையன் கர்பிரான் டாலி. மலையேற்றத்தில் நாட்டம் கொண்டிருந்த அச்சங்கத்தார், தம் காலடியிலேயே அறியப்படாத ஓர் உலகம் இருப்பதை உணர்ந்தனர். குகைக்குள் கயிற்றில் இறங்குதல், அளத்தல், படம் வரைதல் ஆகியவற்றில் நெடுங்காலப் பயிற்சி உடையோர் ஐரோப்பியக் குகைச் சங்கங்களில் இருந்தனர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் பிரித்தானியரான சைமன் புரூக்ஸ். 1992 முதல் உள்ளூர்ச் சங்கத்தாரும் அயல்நாட்டு உறுப்பினரும் கூடி மேற்கொள்ளத் தொடங்கிய பயணங்கள், 'மேகங்களின் உறைவிடத்தில் குகையாய்வு' என்ற பொதுப் பெயரில் பின்னர் ஆண்டுதோறும் நிகழலாயின. பிரித்தானியர், செருமானியர், சுவிட்சர்லாந்தினர் எனப் பல நாட்டார் தத்தம் விடுப்பையும் கைப்பொருளையும் செலவிட்டு வந்து சேர்ந்தனர்.

பயணங்கள் பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டியே நிகழும். அதற்குக் காரணம் உண்டு. குகைகளைக் குடைந்த மழைநீர் இன்றும் அவற்றின் வழியேதான் ஓடுகிறது. மழைக்காலத்தில் கூரைவரை வெள்ளம் நிறையும் வழிகள் பல. குளிர்காலத்தின் இறுதியில் நீர் வற்றிய சில வாரங்களே மனிதர் உட்புகத் தக்கவை.

ஓர் ஊரை அடைந்ததும் ஆய்வர் முதலில் காண்பது ஊர்த்தலைவரை. மேகாலயத்தில் நிலம் பெரும்பாலும் அரசுடைமை அன்று. குடிகளுக்கும் குலங்களுக்கும் ஊர்ப் பொதுமைக்கும் உரியது. ஆகவே ஊராரின் இசைவின்றி எக்குகையிலும் நுழைய இயலாது. காட்டுக்குள் மறைந்து கிடக்கும் வாயில்களைக் காட்டிக்கொடுப்பவர்களும் ஊராரே. குகை அளவையின் முதல் அறிவு உள்ளூராரின் அறிவே என்பதை மறத்தலாகாது.

இருளில் அளக்கும் முறை

அளவைக் குழுவில் மூவர் அல்லது நால்வர் இருப்பர். தலைக்கவசத்தில் பொருத்திய விளக்கே அவர்களுக்குக் கண். முன்செல்பவர் பாறையில் ஓரிடத்தைக் குறியாகக் கொண்டு நிற்பார். பின்னுள்ளவர் அக்குறிவரை உள்ள தொலைவையும், திசைகாட்டியால் திசைக்கோணத்தையும், சாய்வுமானியால் ஏற்ற இறக்கத்தையும் அளந்து சொல்வார். மூன்றாமவர் அவ்வெண்களைக் குறித்துக்கொண்டு, இடச்சுவர், வலச்சுவர், கூரை, தரை ஆகியவற்றின் தொலைவையும் கேட்டெழுதி, வழியின் உருவத்தைக் கையாலேயே வரைவார். பின்னர் அந்தக் குறியிலிருந்து அடுத்த குறி. முன்னாளில் அளவுநாடா கொண்டு செய்த இப்பணிக்கு இந்நாளில் லேசர் கருவி உதவுகிறது. ஆயினும் முறை மாறவில்லை. ஒரு குறியைத் தவறாகப் படித்தால் அதன்பின் வரும் வழி முழுவதும் படத்தில் இடம் பெயர்ந்துவிடும்.

இடையில் கழுத்தளவு நீரில் நடப்பதும், மார்பு தேயும் இடுக்கில் தவழ்வதும், ஆழ்குழிகளில் ஒற்றைக் கயிற்றில் இறங்குவதும் உண்டு. திரும்பி வந்த இரவே எண்களைக் கணினியில் ஏற்றி அன்றைய வழியைப் படத்தில் சேர்ப்பர். பகல் முழுதும் உழைத்துச் சில நூறு மீட்டர் மட்டும் கூடிய நாள்களும் உண்டு.

இப்பணியில் எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. குகைக்குள்ளிருந்து எதையும் எடுத்து வரலாகாது, எதையும் உடைக்கலாகாது, முன்சென்றோர் நடந்த தடத்திலேயே பின்செல்வோரும் நடத்தல் வேண்டும், உறங்கும் வௌவால்களுக்கு இடையூறு செய்தலாகாது. ஒருவர் கை தவறிப் பற்றினால் உடையும் கல்விழுது, அவர்தம் பேரன் பேத்தியர் காலத்திலும் மீண்டும் வளராது என்பதை உணர்ந்தோர் வகுத்துக்கொண்ட நெறி இது.

இணைந்த வழிகள்

இவ்வாறு ஆண்டுதோறும் சேர்ந்த அளவுகள் காலப்போக்கில் பெரும் பயன் தந்தன. கிழக்கு ஜயின்டியா மலைகளில் லும்ஷ்னோங் என்னும் ஊரின் கீழே உள்ள கொட்சாத்தி – உம்லாவான் குகைத்தொகுதி 21 கிலோமீட்டருக்கும் மேல் நீள்வது தெரியவந்தது. ஷ்னோங்ரிம் என்னும் மலைமுகட்டின் கீழ் தனித்தனிக் குகைகள் எனக் கருதப்பட்டவை, ஒன்றன் முடிவும் மற்றொன்றன் தொடக்கமும் படத்தில் நெருங்கி வருவதைக் கண்டு தேடியபோது, ஒன்றோடொன்று இணைந்தவை எனப் புலப்பட்டன. அவ்வாறு உருவான கிரெம் லியாட் பிரா தொகுதி 30 கிலோமீட்டரைக் கடந்து, இந்தியாவின் மிக நீளமான சுண்ணாம்புக் குகை என்னும் பெயர் பெற்றது. அதனுள் ஓரிடம் வானூர்தியையே நிறுத்தலாம் போன்ற அகலமும் உயரமும் உடையதாகையால், ஆய்வர் அதற்கு வானூர்திக் கொட்டில் என்றே பெயரிட்டனர்.

2018ஆம் ஆண்டில் மற்றொரு வியப்பு விளைந்தது. மௌசின்ராம் பகுதியில் உள்ள கிரெம் பூரி என்னும் குகை சுண்ணாம்புப் பாறையில் அன்றி மணற்பாறையில் அமைந்தது. மணற்பாறை நீரில் எளிதிற் கரைவதன்று. அதில் நெடுங்குகை தோன்றுதல் அரிது. எனினும் அளந்து முடித்தபோது அதன் நீளம் 24 கிலோமீட்டரைத் தாண்டியது. அறியப்பட்ட மணற்பாறைக் குகைகளுள் உலகில் மிக நீளமானது அது என அறிவிக்கப்பட்டது. நேர்கோட்டில் நீண்டு செல்லாமல், குறுக்கும் நெடுக்குமாக வழிகள் பின்னிய வலைபோல் அமைந்தது அது. அதன் சுவர்களில் தொல்கடல் உயிர்களின் எலும்புப் படிவங்களும் காணப்பட்டன.

இதுவரை மேகாலயத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள் பதிவாகியுள்ளன. அளந்து வரையப்பட்ட வழிகளின் மொத்த நீளம் 400 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது.

கல்முளையில் எழுதப்பட்ட காலம்

குகைகளின் மதிப்பு அவற்றின் நீளத்தில் மட்டும் இல்லை என்பதைச் சிரபுஞ்சியை அடுத்த மௌம்லு குகை உலகுக்குக் காட்டியது. அங்கு வளர்ந்த ஒரு கல்முளையை அறிவியலார் ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்தனர். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலக் கல்முளையிலும் படிவு மேல் படிவாகக் காலம் அடுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு படிவிலும் உள்ள ஆக்சிஜனின் தன்மை அக்காலத்து மழையின் வலிமையைக் காட்டும். யுரேனியம் சிதையும் அளவு அதன் வயதைச் சொல்லும். அக்கல்முளையில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பருவமழை நலிந்தமைக்கான தெளிவான சான்று கிடைத்தது.

அதே காலத்தை ஒட்டி எகிப்து, மெசப்பொட்டேமியா, சிந்துவெளி ஆகிய நாகரிகங்களில் பெருமாற்றங்கள் நேர்ந்தன. அவற்றுக்கு வறட்சி எந்த அளவு காரணம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பருவமழை நலிந்தது என்பதற்கு அக்கல்லே சான்று. 2018இல் உலகப் புவியியலார் நாம் இன்று வாழும் காலப்பிரிவுக்கு 'மேகாலயக் காலம்' எனப் பெயர் சூட்டினர். அதன் தொடக்க எல்லை, கி.பி. 2000க்கு 4,250 ஆண்டுகள் முற்பட்டதாக வகுக்கப்பட்டது. 2022இல் உலகின் முதல் நூறு புவியியல் மரபிடங்களின் பட்டியலில் மௌம்லு குகையும் இடம்பெற்றது. மாங்குளத்துப் பாறையில் உளி கொண்டு மனிதர் எழுதினர். மௌம்லுவில் துளித்துளியாக நீர் எழுதியது. இரண்டும் ஆவணங்களே. இரண்டும் ஒருமுறை அழிந்தால் அழிந்தவையே.

இருளில் வாழும் உயிர்கள்

ஒளியே புகாத இடத்திலும் உயிர் உண்டு. நிறம் வெளிறிய மீன்களும், நீண்ட உணர்கொம்புகளை உடைய பூச்சிகளும், சிலந்திகளும், வௌவால்களும் அங்கு வாழ்கின்றன. வெளியிலிருந்து வெள்ளம் கொண்டுவரும் இலை தழைகளும், வௌவால்களின் எச்சமுமே அவ்வுலகின் உணவுக்கு அடிப்படை. ஆகவே வெளியே காடு அழிந்தாலும், ஆற்றுநீர் கெட்டாலும் உள்ளே உயிர்கள் பட்டினியால் மடியும்.

2019இல் ஜயின்டியா மலைகளில் கிரெம் உம் லடாவ் என்னும் குகையின் அடியில் உள்ள நீர்நிலைகளில், பார்வையற்ற வெளிறிய மீன்கள் கூட்டமாக நீந்துவதைக் குகை ஆய்வர் கண்டு படம்பிடித்தனர். அவற்றுள் சில 40 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம் உடையவை. அதுவரை உலகில் அறியப்பட்ட நிலத்தடி மீன் எதுவும் அத்துணைப் பெரியதாக இல்லை. 2023இல் அது தனி இனம் என நிறுவப்பட்டு, அம்மலையில் வாழும் ப்நார் மக்களின் பெயரால் நியோலிசோகைலஸ் ப்நார் எனப் பெயர் பெற்றது.

புதிய இனம் எனப் பெயரிடுவதற்கு அறிவியல் முறைப்படி மாதிரி உயிர்கள் எடுக்கப்பட வேண்டியுள்ளது. இம்மீனிலும் அவ்வாறே சில எடுக்கப்பட்டன. உயிர்க்கு ஊறு செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் உள்ளத்தில் இது நெருடவே செய்யும், அந்நெருடல் நியாயமானதே. பெயரற்ற உயிரைச் சட்டம் அறியாது என்பதும் அதற்கு எதிராக நிற்கும் உண்மை. எடுக்கப்பட்டவை சிலவே என்பதும், கேட்டுக்கு அஞ்ச வேண்டியது அக்குகைக்கு மேலே நடப்பனவற்றையே என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

மேலே சுரங்கம், கீழே குகை

குகைகளை உள்ளடக்கிய சுண்ணாம்புப் பாறை, சிமெண்டுக்கு மூலப்பொருள். அதன் மேலும் அருகிலும் நிலக்கரிப் படிவுகள் உள்ளன. லும்ஷ்னோங் வட்டாரத்தில் சிமெண்டு ஆலைகள் பெருகின. மலையின் மேற்பரப்பை வெட்டும்போது அடியில் உள்ள குகை கண்ணுக்குத் தெரிவதில்லை. வெடியின் அதிர்வில் கல்விழுதுகள் உதிரும், கூரை சரியும், நீர்வழி மாறும். மற்றொருபுறம், எலிவளைச் சுரங்கம் எனப்படும் குறுகிய துளைகளில் தவழ்ந்து நிலக்கரி எடுக்கும் முறையால் அமிலநீர் ஆறுகளிற் கலந்தது. லூக்கா ஆறு குளிர்காலந்தோறும் செயற்கை நீலமாக நிறம் மாறுவதும், அதில் மீன்கள் அருகியதும் நாடறிந்தவை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் எலிவளைச் சுரங்க முறையைத் தடைசெய்தது. எனினும் 2018 டிசம்பர் 13ஆம் நாள் க்சான் என்னும் இடத்தில் அத்தகைய சுரங்கம் ஒன்றில் வெள்ளம் புகுந்து பதினைந்து தொழிலாளர் உயிரிழந்தனர். நிலத்தடிக்கு நேரும் கேட்டில் முதலில் மடிபவர் வறியவரே என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

இந்நிலையில்தான் குகைச் சங்கத்தாரின் அளவைப் படங்கள் வெறும் பொழுதுபோக்கின் விளைவாக இல்லாமல் சான்றாவணங்களாக மாறின. எம்மலையின் அடியில் எக்குகை, எத்திசையில், எவ்வளவு ஆழத்தில் செல்கிறது என்பதற்கு அவர்களிடமே படம் இருந்தது. அச்சான்றுகளைக் கொண்டு மேகாலய சாகசச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியது. வழக்குகளால் எல்லாக் குகைகளும் காக்கப்பட்டுவிடவில்லை. சுரங்கத்தால் பிழைப்போரும் அவ்வூர்களிலேயே உள்ளனர். மாற்றுத் தொழில் காட்டாமல் தடை மட்டும் விதிப்பது அவர்களுக்குக் கொடுமையாகும். ஆனால் படம் இல்லாதிருந்தால் வாதிடவே வழியிருந்திராது. இருப்பதே தெரியாத ஒன்றை அழித்ததாக எவர் மீதும் குற்றம் சாட்ட இயலாது அன்றோ?

நம் மலைகளுக்கு உரிய பாடம்

இப்பாடம் தமிழகத்துக்கும் பொருந்தும். மதுரை மாவட்டத்தில் கல்வெட்டும் கற்படுக்கையும் உள்ள குன்றுகள் பல, கருங்கல் வெட்டுவோரின் கண்பட்டு நின்றவை. அரிட்டாபட்டியின் குன்றில் தமிழிக் கல்வெட்டும், கற்படுக்கைகளும், தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன. அங்குள்ள பறவைகளும் நீர்நிலைகளும் ஊர்மக்களாலும் ஆர்வலர்களாலும் பல்லாண்டு கணக்கெடுக்கப்பட்டு வந்தன. அதன் பயனாக 2022 நவம்பரில் அப்பகுதி தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அவ்வேலத்தை நீக்கியது. மக்களின் எழுச்சியே அதற்கு முதற்காரணம். அம்மலையில் இன்னது உள்ளது என எடுத்துக்காட்டுவதற்குப் பதிவுகள் ஆயத்தமாக இருந்தமை அவ்வெழுச்சிக்கு வலிமை சேர்த்தது.

தமிழகத்தின் சிறு குன்றுகள் பலவற்றில் உள்ள படுக்கைகளும் உருவங்களும் அளக்கப்படாமலும் படமெடுக்கப்படாமலும் இன்றும் உள்ளன. அவற்றின் அருகில் வாழும் குடும்பங்களே அவற்றை நன்கு அறிவர். ஓர் அளவுநாடா, ஒரு குறிப்பேடு, விடுமுறை நாள் ஒன்று, ஊராரின் இசைவு ஆகியவை இருந்தால் அப்பணியைத் தொடங்கிவிடலாம். எத்தனை படுக்கைகள், எந்தத் திசை நோக்கியவை, எந்தக் கல்லில் எழுத்து உள்ளது, எந்தப் பக்கம் பாறை உடைபட்டுள்ளது என எழுதி வைத்தால் போதும். படுக்கையைத் தேய்த்துக் கழுவுதல், எழுத்தின் மேல் சுண்ணமோ வண்ணமோ பூசுதல், பெயர் கீறுதல் ஆகியவற்றை விலக்குதல் வேண்டும். எடுத்த குறிப்பைத் தொல்லியல் துறைக்கும் ஊர்மன்றத்துக்கும் ஒவ்வொரு படி அளித்தல் நன்று.

ஷ்னோங்ரிம் மலைமுகட்டில் முப்பது கிலோமீட்டர் இருள்வழி ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. ஒரு குறியிலிருந்து அடுத்த குறி, ஒரு பிப்ரவரியிலிருந்து அடுத்த பிப்ரவரி எனப் பல கைகள் பொறுமையுடன் சேர்த்தது அது. இயற்கை தந்த குகையை அவர்கள் தமக்கென உரிமை கொண்டாடவில்லை; அதிலிருந்து பொருளை எடுத்துவரவும் இல்லை. அதன் அளவை மட்டும் எடுத்துவந்து அடுத்த தலைமுறையின் கையில் தந்தனர். முன்னோர் தவமிருந்த பாறைகளுக்கு அத்துணைத் தொண்டேனும் ஆற்றுதல் அவற்றை மரபாகப் பெற்றோரின் கடமையாகும்.